வெள்ளம் வடிந்தபின் கட்டடப் பொருள்களுள் மாற்றத்தக்கவை எவை?

காவிரியிலும் கொள்ளிடத்திலும் பெருவெள்ளம் வருவது நம்மவர்க்குப் புதிதன்று. 1924ஆம் ஆண்டு ஜூலை மாதத்து வெள்ளத்தைப் பற்றிப் பெரியோர் சொல்லக் கேட்டவர்கள் இன்றும் நம் கிராமங்களில் இருக்கிறார்கள். 1934ஆம் ஆண்டில் மேட்டூர் அணை கட்டி முடிந்தபின் வெள்ளத்தின் வேகம் அடங்கிற்றேயன்றி, அது அறவே ஒழிந்துவிடவில்லை. 2018ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலும், 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்திலும் மேட்டூர் அணை நிரம்பி வழிந்து, உபரி நீர் கொள்ளிடத்தில் பெருகியபோது, முதலைமேடு திட்டு, வெள்ளைமணல், நாதல்படுகை முதலிய படுகைக் கிராமங்களை நீர் சூழ்ந்துகொண்டது. 2015ஆம் ஆண்டு நவம்பர், டிசம்பர் மாதங்களில் கடலூர் ஜில்லாவில் பெய்த பெருமழையால் விளைந்த சேதத்தையும் யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

வெள்ளத்திற்குப் பிறகு மூழ்கிய பயிருக்கு என்ன உரம் இடுவது, நாற்றுக்கு எங்கே போவது என்பவற்றைப் பற்றி நம் இலாகாவினர் உடனுக்குடன் ஆலோசனை சொல்லி வருகிறார்கள். ஆனால் குடியானவனுடைய வீடும், மாட்டுக் கொட்டகையும், விதை வைக்கும் அறையும் நனைந்து நிற்பதைப் பற்றி எடுத்துச் சொல்வார் அதிகமில்லை. சிலர் பயத்தினால் நல்ல பொருள்களையெல்லாம் பிடுங்கி எறிந்து, வீண் கடன் படுகிறார்கள். வேறு சிலர் சிக்கனம் என்று எண்ணி, கெட்ட சுவரின்மேல் சுண்ணாம்பு அடித்துவிட்டு அதன் கீழேயே படுத்துக்கொள்கிறார்கள். முன்னதனால் பணத்திற்கு மோசம். பின்னதனால் உயிருக்கே மோசம். எதை மாற்றுவது, எதை வைத்துக்கொள்வது என்பதை நிதானிக்கும் முறையை இப்பாடத்தில் கூடியவரை தெளிவாகச் சொல்ல முயல்கிறேன்.

1. அடிப்படையான ஓர் உண்மை

மூங்கிலை வெட்டியவுடன் குளத்திலோ வாய்க்காலிலோ பல நாள் ஊறப்போட்டுப் பிறகு உபயோகிப்பது நமது பழைய வழக்கம். சுட்ட செங்கல்லைக் கொத்தனார் தொட்டியில் நனைத்த பிறகே சுவரில் வைக்கிறார். ஆகவே நீர் பட்டதனால் மட்டும் ஒரு பொருள் கெட்டுவிடுகிறது என்பது சரியன்று. நனைந்த பொருள் காயவேண்டிய காலத்தில் காயாமல், பாதி ஈரத்தோடு மூடிக்கிடப்பதே அதற்குக் கேடு. பூசணம் பிடிக்க ஒன்றிரண்டு நாள் ஈரமே போதும். மரத்தை உளுக்கச் செய்யும் காளான் வகைகள் மரத்தில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் ஈரம் நின்றால்தான் வளரும். கறையானும் ஈரமுள்ள இடத்தையே தேடி வரும்.

இதிலிருந்து மூன்று கேள்விகள் பிறக்கின்றன. எப்பொருளைப் பற்றியும் இவற்றை வரிசையாகக் கேட்டுக்கொள்ளவேண்டும்.

முதலாவது: நனைந்தபோது இது தன் வலிமையை இழந்ததா? இழந்ததாயின், காய்ந்தபின் அவ்வலிமை திரும்பி வருமா?

இரண்டாவது: இதை இருக்குமிடத்திலேயே காயவைக்க முடியுமா? அன்றி, பெயர்த்து எடுத்தால்தான் காயுமா?

மூன்றாவது: இது எதைத் தாங்கி நிற்கிறது? இது தவறினால் விழுவது வெறும் பூச்சா, அல்லது கூரையா?

மூன்றாவது கேள்விக்குக் கிடைக்கும் விடையே செலவின் வரிசையைத் தீர்மானிக்கவேண்டும். தாங்குவதை முதலிலும், தாங்கப்படுவதைப் பிறகும், அழகுக்கானதைக் கடைசியிலும் கவனிப்பது முறை.

2. உள்ளே நுழையுமுன்

நீர் வடிந்த வீட்டுக்குள் அவசரப்பட்டு நுழையலாகாது. மின்சார இணைப்பைத் துண்டிக்கச் செய்து, அது துண்டிக்கப்பட்டதை நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகே கதவைத் திறக்கவேண்டும். மூலைமுடுக்குகளிலும், ஓட்டடுக்குகளிலும், வைக்கோற் போரின் அடியிலும் பாம்பு ஒதுங்கியிருக்கும். கையை நீட்டுமுன் கழியால் தட்டிப் பார்க்கவேண்டும். எலியின் சிறுநீர் கலந்த சேற்றினால் எலிக்காய்ச்சல் பரவுமாதலால், காலில் ரப்பர் பாதரட்சையும் கையில் உறையும் இன்றி வேலை செய்யக்கூடாது. புண் உள்ளவர்கள் சேற்றில் இறங்காதிருப்பதே நலம்.

வெளியே இன்னும் நீர் நிற்கும்போது உள்ளே நிற்கும் நீரை மட்டும் இயந்திரம் வைத்து வேகமாக இறைப்பது பெருந்தவறு. வெளியே 1 மீட்டர் உயரம் நீர் நின்று, உள்ளே நீரே இல்லாதிருந்தால், சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் ஏறத்தாழ 500 கிலோ எடைக்குச் சமமான விசை உட்புறமாகத் தள்ளுகிறது. இருபுறமும் நீர் நின்றபோது நிமிர்ந்து நின்ற சுவர் இறைத்தவுடன் சாய்வதற்குக் காரணம் இதுவே. வெளி நீர் இறங்கும் அளவுக்குத்தான் உள் நீரையும் இறக்கவேண்டும்.

நீர் நின்ற உயரம் சுவரில் கோடாகத் தெரியும். அது அழியுமுன் கரித்துண்டால் அழுத்திக் கோடிட்டு, அருகில் தேதியை எழுதிவிடுவது நன்று. ஈரம் அக்கோட்டோடு நின்றுவிடுவதில்லை. திரியில் எண்ணெய் ஏறுவதுபோல நீர் சுவரினுள் மேலேறும். ஆதலால் கோட்டுக்கு மேலும் 2 அடி வரையில் சோதித்தல் வேண்டும்.

3. மண் சுவரும் பச்சைக் கல் சுவரும்

மண் சுவர் உலர்ந்திருக்கும் வரையில் கெட்டி; ஊறியபின் களி. அதன் வலிமை காய்ந்தால் திரும்பி வரும் என்பது உண்மையே. ஆனால் கரைந்துபோன மண் திரும்பி வராது. அடிப்பகுதி அரிக்கப்பட்டு, மேற்பகுதி பழைய பாரத்தோடு நிற்கும் சுவரே மிக அபாயமானது. இத்தகைய சுவர்கள் வெள்ளம் நிற்கும்போது விழுவதைக் காட்டிலும், வடிந்து சில நாள் கழிந்தபின் விழுவது அதிகம். வெயில் படும் புறம் காய்ந்து சுருங்க, நிழற்புறம் ஊறியபடியே நிற்பதால் சுவர் ஒரு பக்கமாக இழுக்கப்படுகிறது. அடிநிலமும் இளகியிருக்கிறது. கூரையின் பாரமோ சிறிதும் குறையவில்லை.

2018ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பிறகு கொள்ளிடக் கரையிலுள்ள ஒரு கிராமத்தில் இதை நான் நேரிற் கண்டேன். ஒரு நிலச்சொந்தக்காரர் தம் மாட்டுக் கொட்டகையின் உடைந்த நாட்டு ஓடுகளை முதற்காரியமாக மாற்றினார். மழைக்கு முன் கூரை சரியாகவேண்டும் என்பது அவர் எண்ணம். சுவரின் அடியில் ஒரு சாண் அளவு மண் கரைந்திருந்ததைச் சேறு மறைத்திருந்தது. நீர் வடிந்த ஒன்பதாம் நாள் இரவு, வானம் வெளுத்திருந்த சமயத்தில், மேற்குச் சுவர் உட்புறமாக விழுந்தது. உழவு மாடுகள் அன்றைக்குப் புளியமரத்தடியில் கட்டப்பட்டிருந்தமையால் பிழைத்தன; கொட்டகையில் இருந்த ஓர் இளங்கன்று மாண்டது. புது ஓடுகளும் நொறுங்கின. "ஓட்டைப் பார்த்தேனே, காலைப் பார்க்கவில்லையே!" என்று அவர் சொன்ன சொல்லே இப்பாடத்தை எழுதத் தூண்டியது.

ஆகவே சோதனை செய்யும் முறையைக் கவனிக்கவும். சேற்றை மண்வெட்டியால் மெல்ல விலக்கி, சுவரின் அடியை நெடுகிலும் வெளிப்படுத்துக. ஆறு அங்குல ஆணியைக் கையாலேயே அழுத்தினால் ஓர் அங்குலத்திற்கு மேல் இறங்குமிடமெல்லாம் இன்னும் ஊறியுள்ள இடமாகும். சுவரின் கனத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரித்திருந்தாலும், தூக்குக்குண்டு விட்டுப் பார்க்கையில் சாய்வு தெரிந்தாலும், அச்சுவரைப் பூசி வைத்துக்கொள்ளலாம் என்று எண்ணவேண்டா. முதலில் கூரைக்கு முட்டுக்கால்கள் கொடுத்து பாரத்தை இறக்கவேண்டும். பிறகு கெட்ட அடிப்பகுதியை 3 அடி நீளம் வீதம் ஒன்றுவிட்டு ஒன்றாக வெட்டியெடுத்து, சுட்ட செங்கல்லோ கருங்கல்லோ வைத்து வெள்ளக்கோட்டுக்கு மேல் வரும்வரை கட்டலாம். ஒரேயடியாக முழு நீளத்தையும் வெட்டினால் சுவர் அப்படியே அமர்ந்துவிடும்.

விழுந்த மண்ணை வீசியெறிய வேண்டுவதில்லை. சேறும் குப்பையும் நீக்கி, வைக்கோல் நறுக்குச் சேர்த்து மிதித்து, சில நாள் புளிக்கவிட்டால் அதே மண் மறுபடியும் சுவருக்கு ஆகும். முழுதும் நனைந்து மூலை உதிர்ந்த பச்சைக் கற்களை மட்டும் கற்களாக உபயோகிக்கலாகாது. அவற்றையும் மண்ணாகவே பாவிக்கவேண்டும்.

4. சுட்ட செங்கற் சுவர்

நன்றாகச் சுட்ட செங்கல்லை வெள்ளம் கெடுப்பதில்லை. ஆனால் அது குடிக்கும் நீர் கொஞ்சமன்று. நல்ல செங்கல் தன் எடையில் நூற்றுக்கு 20 பங்குக்கு மேல் நீர் உறிஞ்சலாகாது என்பது கணக்கு. 3 கிலோ எடையுள்ள கல் 15 பங்கு வீதம் குடித்தாலும் ஏறத்தாழ அரைக் கிலோ நீர் ஏறிவிடும். 9 அங்குலக் கனமுள்ள சுவரில் 10 அடி நீளமும் 3 அடி உயரமும் நனைந்தால், அதிலுள்ள கற்கள் ஏறக்குறைய 300. அவற்றில் நிற்கும் நீர் சுமார் 150 கிலோ. இவ்வளவு நீரும் சுவரின் மேற்புறத்து வழியாகவே வெளியேறவேண்டும். இரண்டு நாள் வெயிலில் இது நடந்துவிடும் என்று எதிர்பார்ப்பது தவறு. வாரக்கணக்கிலும், சில சமயம் மாதக்கணக்கிலும் ஆகும்.

மண் சாந்தில் கட்டிய செங்கற் சுவரில் கல் நன்றாயிருந்தும் சாந்து கரைந்துபோயிருக்கும். அரை அங்குல ஆழம் வரை கரைந்திருந்தால், சந்துகளைச் சுரண்டிக் கழுவி, சுண்ணாம்புச் சாந்தால் அடைத்துவிடலாம். கத்தி முனை தடையின்றி உள்ளே போகுமளவு கரைந்திருந்தால் அப்பகுதியைப் பிரித்துக் கட்டவேண்டும். பிரித்த கற்களில் எவை திரும்ப ஆகும் என்பதை அறிய, இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டுக. மணியோசை போலக் கணீரென்று கேட்டால் நல்ல கல். மந்தமாகக் கேட்டால் வேகாத கல். ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மண்தரையில் விழவிட்டால் நல்ல கல் உடையாது.

சுவரில் விரிசல் கண்டால் அதன் போக்கைப் பார்க்கவேண்டும். பூச்சில் மட்டும் வலைபோல ஓடும் மெல்லிய விரிசலால் பயமில்லை. ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக இறங்கி, படிக்கட்டுப்போலக் கற்சந்துகளின் வழியே அடிவாரம் வரை போகும் விரிசல், அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியதற்கு அடையாளம். அவ்விரிசலின் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதி குறித்து வைக்கலாம். கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அப்போது கொத்தனாரின் யோசனை போதாது, பொறியாளரை அழைக்கவேண்டும், அதுவரையில் அவ்வறையில் ஒருவரும் படுக்கலாகாது.

5. பூச்சு: நான் செய்த பிழை

இங்கே என் சொந்தத் தவறு ஒன்றை மறைக்காமல் எழுதுவது கடமை. 2015ஆம் ஆண்டு வெள்ளத்திற்குப் பிறகு கடலூர் ஜில்லாவில் ஒரு முதிய விவசாயி, தம் விதை அறையின் சுவரைக் காட்டி, "தம்பி, வெளியே காய்ந்ததுபோல இருக்கிறது, பூசிவிடலாமா?" என்று கேட்டார். நீர் வடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. நானும் சுவரைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு, "பூசலாம், ஐயா" என்றேன். மார்கழி முடியுமுன் உள்ளும் புறமும் சிமெண்டுப் பூச்சு ஏறிற்று. மாசியில் புது அறுவடையின் விதைநெல்லை மூட்டை கட்டி, அச்சுவரை ஒட்டி அடுக்கினார். ஆடி மாதத்தில் முளைப்புச் சோதனை செய்து பார்த்தபோது, சுவரோரத்து மூட்டைகளில் நூற்றுக்கு 54 மணிகளே முளைத்தன. விதைநெல்லுக்கு 80க்குக் குறையாத முளைப்பு வேண்டும். பூச்சுக்குள் அடைபட்ட ஈரம் ஆறு மாதம் மெதுவாக மூட்டைகளுக்குள் ஏறியிருந்தது. அவர் என்னை ஒரு வார்த்தையும் கடிந்துகொள்ளவில்லை. விதையை மட்டும் கடனுக்கு வாங்கினார்.

அன்றுமுதல் நான் கையை நம்புவதில்லை. ஓரடிச் சதுரமான தெளிந்த பாலிதீன் தாளை எடுத்து, நான்கு ஓரமும் காற்றுப் புகாதபடி ஒட்டுநாடாவால் சுவரில் ஒட்டி, ஓர் இரவும் மறுநாட் காலையும் விட்டுவிடுகிறேன். தாளின் உட்புறத்தில் முத்துமுத்தாக நீர் கோத்திருந்தால் சுவர் காயவில்லை. வெள்ளக்கோட்டுக்குக் கீழே ஓரிடமும் மேலே ஓரிடமுமாகச் சோதித்து, இரண்டிலும் தாள் உலர்ந்திருந்தால் மட்டுமே பூச்சைப் பற்றிப் பேசலாம்.

உப்பிய பூச்சையும், தட்டினால் பொள்ளென்று ஒலிக்கும் பூச்சையும் வெள்ளக்கோட்டுக்கு மேல் ஓரடி வரை கொத்தியெடுத்துவிடவேண்டும். இது செலவன்று, சுவர் மூச்சுவிடுவதற்கு வழி. திரும்பப் பூசும்போது மண் சுவருக்கும் பழைய செங்கற் சுவருக்கும் சுண்ணாம்புச் சாந்தே ஏற்றது. அது ஈரத்தை வெளியேவிடும். சிமெண்டோ அதை உள்ளே பூட்டும். கெட்டியாக ஒட்டியுள்ள பழைய சுண்ணாம்புப் பூச்சைக் கழுவிக் காயவிட்டால் போதும். அறைகளை அலங்கரிக்க ஒட்டப்பட்ட ஜிப்சம் பலகைகள் மட்டும் நனைந்தபின் எதற்கும் ஆகா. அவற்றைப் பெயர்த்து அகற்றவேண்டும்.

சுவரில் வெண்மையாக உப்புப் பூத்தால் அதை நீரூற்றிக் கழுவலாகாது. நீரோடு உப்பும் திரும்ப உள்ளே போகும். உலர்ந்த துடைப்பத்தால் தட்டி, வாரி வெளியே கொட்டவேண்டும். கடல் நீர் புகுந்த வீடுகளில் மட்டும் முறை வேறு: முதலில் நல்ல நீரால் பலமுறை கழுவி, பிறகே காயவிடவேண்டும்.

6. மரச் சாமான்கள்

தேக்கு, வேம்பு, பூவரசு இவற்றாலான நிலையும் கதவும் தூணும் சில நாள் நீரில் நின்றதனால் கெடுவதில்லை. ஊறிப் பருத்து, கதவு மூடாமற் போனால், உடனே இழைப்புளி போட்டுச் சீவிவிடுகிறார்கள். இது பிழை. காய்ந்தபின் அக்கதவு சுருங்கி, இரண்டு விரல் சந்து விடும். கதவைக் கழற்றி, நிழலில், அடியில் கட்டைகள் கொடுத்துப் படுக்கவைத்து, மேலே சிறிது பாரம் வைத்து மெதுவாக உலர்த்தவேண்டும். நேர் வெயிலில் வைத்தால் வெடிக்கும், முறுக்கிக்கொள்ளும்.

மரத்தின் உள்நிலையை அறிய, கொலுறு அல்லது கூரிய ஆணியால் குத்திப் பார்க்கவேண்டும். நிலைக்கால்களின் அடியும், உத்தரம் சுவரில் நுழையுமிடமும் முதலில் உளுக்கும் இடங்கள். ஆணி எளிதில் இறங்கி, நாராக வராமல் தூளாக உதிர்ந்தால் அப்பகுதி போயிற்று. நிலைக்காலின் அடி மட்டும் கெட்டிருந்தால் அதை அறுத்து, அடியில் கல்லோ கான்கிரீட்டோ கொடுத்து மீதியைக் காப்பாற்றலாம். உத்தரத்தின் முனை கெட்டால் முழு உத்தரத்தையும் மாற்றுவதே அறிவுடைமை. அது தாங்குவது கூரை.

பனங்கைகளில் கறுத்த வைரப்பகுதி நெடுங்காலம் உழைக்கும். உட்சோறு மட்டும் விரைவில் கெடும். வைரம் சுற்றிலும் ஒரு விரற்கனமேனும் உள்ள பனங்கையை எடுத்துச் சோற்றைச் செதுக்கி, உலர்த்தி, மீண்டும் ஏற்றலாம். தென்னஞ்சட்டம் அவ்வளவு தாங்காது. மூங்கில் வாரைகளை வெடிப்பும் துளையும் இல்லையாயின் வைத்துக்கொள்ளலாம்.

மரத்தூளை அழுத்திச் செய்த பலகைகளாலான அலமாரியும் கதவும் ஒரு முறை உப்பினால் முடிந்தது. அவற்றைக் காயவைக்க நாளைச் செலவிடவேண்டா. பிளைவுட்டில் அடுக்குகள் பிரிந்திருந்தால் தள்ளுக; பிரியாதிருந்தால் உலர்த்திப் பார்க்கலாம்.

7. கூரை, இரும்பு, சிமெண்டு

கூரைவரை நீர் ஏறாத வீட்டில் ஓடுகளுக்குக் கேடில்லை. விழுந்தவற்றுள் விரிசலில்லாத நாட்டு ஓட்டையும் மங்களூர் ஓட்டையும் கழுவி அடுக்கி வைக்கலாம். ஆனால் சுவர் நிச்சயமாகும் வரையில் அவற்றை மேலே ஏற்றக்கூடாது. நனைந்து மக்கிய கீற்றை மாற்றவேண்டியதே. அதை எருக்குழியில் இடலாம்.

கல்நார் சிமெண்டு அட்டைகள் உடைந்திருந்தால் மிக்க ஜாக்கிரதை வேண்டும். அதன் நுண்ணிய தூசி சுவாசத்தில் புகுந்தால் பல ஆண்டுகளுக்குப் பின்னும் தீராத நுரையீரல் வியாதிகளை உண்டாக்கும். அவற்றை அறுக்கவும், நொறுக்கவும், உலர்ந்த நிலையில் பெருக்கவும் கூடாது. நீர் தெளித்து நனைத்து, முழுத் துண்டுகளாக எடுத்து, தடித்த தாளில் சுற்றிக் கட்டி, ஊராட்சி காட்டும் இடத்தில் சேர்க்கவேண்டும். களத்து வழியில் பள்ளம் தூர்க்க அவற்றைப் போடும் வழக்கம் விடத்தக்கது.

இரும்புக் கம்பியில் மெல்லிய துரு பிடித்தால் கம்பித் துடைப்பத்தால் தேய்த்து உபயோகிக்கலாம். செதில் செதிலாக உதிர்ந்து, கம்பி மெலிந்து காணப்பட்டால் பாரம் தாங்கும் வேலைக்கு ஆகாது. நல்ல கான்கிரீட் தூணும் தளமும் சில நாள் ஆற்று நீரால் கெடுவதில்லை. துருக்கறை வழிந்த விரிசலும், கம்பி வெளியே தெரியும் இடமும் இருந்தால் மட்டும் பொறியாளர் பார்க்கவேண்டும்.

நீர் புகுந்த சிமெண்டு மூட்டையை நம்பலாகாது. உலர்ந்த அறையில் வைத்த சிமெண்டே மூன்று மாதத்தில் வலிமையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை இழக்கிறது. நனைந்து கட்டிபட்டதை உடைத்துச் சலித்துக் கட்டட வேலைக்குச் சேர்ப்பது வீட்டுக்குத் துரோகம். இறுகிய மூட்டையைப் பள்ளம் நிரப்ப வைத்துக்கொள்ளலாம்.

வெள்ளக்கோட்டுக்குக் கீழிருந்த மின்சாரப் பொத்தான்களையும் பெட்டிகளையும் மாற்றிவிடுவதே தகும். துடைத்துவிட்டு ஓட்டிப் பார்ப்பது உயிரோடு விளையாடுவதாகும். பம்புசெட் மோட்டாரைத் தகுதியுள்ளவர் பிரித்து உலர்த்திச் சோதித்தபின் ஓட்டலாம்.

8. தரை, கொட்டகை, குதிர்

மண் தரையில் படிந்த வண்டலோடு மேல் 2, 3 அங்குல மண்ணையும் வெட்டியெடுத்து, புதுமண் இட்டுத் திமிசு போடவேண்டும். சிமெண்டுத் தரையைக் கழியால் தட்டி, பொள்ளென்று ஒலிக்குமிடத்தில் கீழ் மண் அரித்துப்போயிருக்கும் என்று அறிந்து, அங்கே மட்டும் உடைத்து நிரப்பலாம். சேறு முழுவதையும் கழுவிய பிறகு பிளீச்சிங் தூள் கரைத்த நீரைத் தெளிக்கவேண்டும். சேற்றின்மேல் தெளித்தால் பிரயோஜனமில்லை. அதை வேறெந்த மருந்தோடும் கலக்கலாகாது. மாட்டுத் தொட்டியை நன்றாகத் தேய்த்துக் கழுவி, சுண்ணாம்பு பூசி, காய்ந்தபின் தீனி வைக்கலாம்.

ஊறிய மண் குதிரை உடைத்துவிடுவதே நலம். மரப் பத்தாயத்தின் பலகைகளைக் கழற்றி நிழலில் உலர்த்தி மறுபடியும் பூட்டலாம். விதைநெல்லில் ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேற்படாமற் காக்க, மூட்டைகளைப் பலகைமேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி அடுக்கவேண்டும்.

9. காலத்தை அறிந்து செய்தல்

ஆடி, ஆவணியில் மேட்டூர் நீரால் வரும் வெள்ளத்திற்குப் பின் ஐப்பசி மழைக்கு முன்னே ஒன்றரை, இரண்டு மாதம் காற்றும் வெயிலும் கிடைக்கின்றன. அதற்குள் முட்டுக் கொடுத்தல், அடிச்சுவர் கட்டுதல், கூரை ஆகிய மூன்றையும் முடிக்கவேண்டும்; பூச்சு காத்திருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வரும் வெள்ளத்திற்குப் பின்னோ மழை முழுதும் விடுவதில்லை. அப்போது முட்டுக் கொடுத்து, பழுதான பூச்சைக் கொத்தி, மேலே தற்காலிகமாக மூடி, கதவு ஜன்னல்களைத் திறந்துவைத்துத் தை, மாசிக் காற்றுக்குக் காத்திருப்பதே புத்தி. பதறாத காரியம் சிதறாது.

10. கிராம அதிகாரிகளுக்கு

இடிந்ததை அகற்றுமுன் சேதத்தைப் பதிவு செய்ய உதவுவது கிராம நிர்வாக அலுவலர்களின் கையில் இருக்கிறது. 2022 முதல் 2026 வரையிலான காலத்துக்கு மத்திய அரசு வகுத்த நிவாரண விதிகளில், குடிசையல்லாத வீட்டில் பகுதிச் சேதம் நூற்றுக்கு 15 பங்குக்குக் குறையாதிருந்தால் உதவிக்கு இடமுண்டு. வீட்டைச் சேர்ந்த மாட்டுக் கொட்டகைக்கும் தனியே இடமுண்டு. கணக்கெடுப்பவர் வருமுன் அபாயத்தை முன்னிட்டுச் சுவரை இறக்க நேர்ந்தால், வெள்ளக்கோடும் விரிசலும் தெரியக் கைப்பேசியில் படம் பிடித்து, தேதியோடு வைத்திருக்குமாறு குடிகளுக்குச் சொல்லவேண்டும். நிவாரணம் தவறிவிடும் என்ற பயத்தால் சாய்ந்த சுவரைத் தொடாமல் அதன் கீழேயே குடியிருப்பவர் பலர். பார்வையிட வரும் நாளை முன்கூட்டி அறிவித்தால் இவ்வபாயம் பெரும்பாலும் நீங்கும்.

பாடச் சுருக்கம்

மாற்றவேண்டியவை: மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அடி அரித்த மண் சுவர், முனை உளுத்த உத்தரம், உப்பிய பூச்சு, ஜிப்சம் பலகை, மரத்தூள் பலகை, நனைந்த சிமெண்டு, மக்கிய கீற்று, நீரில் மூழ்கிய மின்சாரப் பொத்தான்கள்.

உலர்த்தி வைத்துக்கொள்ளத்தக்கவை: சுட்ட செங்கல், ஓடு, தேக்கு முதலிய கெட்டி மரம், வைரமுள்ள பனங்கை, மூங்கில், கெட்டியான சுண்ணாம்புப் பூச்சு, நல்ல கான்கிரீட், மேல் துரு மட்டும் பிடித்த இரும்பு.

சோதித்தே முடிவு செய்யவேண்டியவை: விரிசல் கண்ட சுவர், மண் சாந்துக் கட்டடம், நிலைக்காலின் அடி, பிளைவுட், மோட்டார்.

வேலையின் வரிசை: அடிச்சுவர், உத்தரம், கூரை, தரை, பூச்சு, வெள்ளை. கையிலுள்ள பணம் பாதி வழியில் தீர்ந்துபோனால், தீர்வது பூச்சிலும் வெள்ளையிலுமாக இருக்கட்டும். பூசாத சுவருக்குள் ஓராண்டு குடியிருப்பதால் குறைவொன்றுமில்லை. அடி அரித்த சுவரின் கீழ் ஓர் இரவுகூடத் தங்கலாகாது.